தொடக்கூடாத கண்ணாடி

எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை விபூதி போட்டுத்தான் துடைப்போம். ஒரு சிட்டிகை விபூதியைத் தூவி, வாயால் ஓர் ஊது ஊதி, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போதும், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய்ப் பளிச்சென்று ஆகிவிடும். அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான். அம்பத்தூரில் எங்கள் தெருவில் இதைத் தெரியாதவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நெற்றிக்குப் போக மிச்சம் கண்ணாடிக்கு. இந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் வேலை போனது. போக வைத்தவன் நான். இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தும், அதை முதல் வரியில் சொல்லத் துணிவில்லாமல் விபூதியில் ஆரம்பித்திருக்கிறேன் பாருங்கள், அதுதான் என் குணம்.

எண்பதுகளின் நடுவில் டிப்ளமோ முடித்து மூன்று நான்கு வருடம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தொழிற்சாலை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், பதினைந்து பேர், வாசலில் ஒரு வேப்ப மரம், அவ்வளவுதான். நாங்கள் செய்தது ஓவர்ஹெட் புரொஜக்டர். வாத்தியார் கண்ணாடித் தாள் மாதிரியான ஷீட்டில் எழுதி மெஷின் மேல் வைப்பார். கீழே பெட்டிக்குள் எரியும் விளக்கின் வெளிச்சம் அந்த ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். மேலே ஒரு கம்பத்தில் தலை போல நிற்கும் பாகத்தில் ஒரு லென்ஸும், சாய்த்து வைத்த ஒரு கண்ணாடியும் இருக்கும். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிச் சுவரில் அடிக்கும். எழுதியது பெரிதாகத் தெரியும். கல்லூரிகளில் அதை வாங்கிய புதிதில் அதற்குத் தனியாக ஒரு பூட்டும் ஒரு பியூனும் உண்டு.

நான் சேர்ந்தபோது எங்கள் மெஷின் ஒரு கொடுமை. பத்து நிமிடம் எரிந்தால் ஷீட் வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி சுருளும். விசிறி போடும் சத்தத்தில் வாத்தியார் தொண்டை கிழியக் கத்த வேண்டும். சூடான காற்று பக்கவாட்டு ஓட்டை வழியாக வந்து அவர் வயிற்றிலேயே அடிக்கும். இருபத்துநான்கு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். விளக்குக்கு மேலே சூட்டைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்தேன். காற்று போகும் ஓட்டைகளைப் பக்கத்திலிருந்து எடுத்து, அடித்தகட்டில் வரிசையாக வெட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது, வாத்தியார்களின் வயிறும் தப்பியது. முதலாளி என்னைத் தன் ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். "நம்ம டிசைனர்" என்று அறிமுகப்படுத்துவார். நானும் தலைகால் புரியாமல் ஆடினேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குறை. ஷீட்டில் 'அ' எழுதினால் சுவரில் ஒன்றரை 'அ' தெரியும். எழுத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக அதன் ஆவி மாதிரி இன்னொன்று நிற்கும். காரணம் அந்தத் தலைக் கண்ணாடி. வீட்டுக் கண்ணாடிக்குப் பின்பக்கம்தான் பூச்சு இருக்கும். வெளிச்சம் பூச்சில் பட்டு ஒரு முறை திரும்பும், கண்ணாடியின் முன்தளத்தில் பட்டுக் கொஞ்சம் தனியாகத் திரும்பும். இரண்டும் சேராது. பூச்சை முன்பக்கமே போட்டுவிட்டால் ஒரே பிம்பம்தான் வரும். பக்கத்தில் பாடி என்ற ஊரில் அப்படிப் பூசித் தருகிற ஒருவரைக் கண்டுபிடித்தேன். காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படிய வைப்பார். முதல் கண்ணாடியை மாட்டிச் சுவரில் 'அ'வைப் பார்த்தபோது, பிளேடால் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

ஆனால் அந்தப் பூச்சு வெங்காயச் சருகை விட மெல்லியது. விரல் பட்டால் ரேகை ஒட்டிக்கொள்ளும், அழுத்தித் துடைத்தால் கீறும். அதனால் அந்தக் கண்ணாடிகளைத் தொட ஒரே ஓர் ஆளைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். ஷெட்டில் இருந்த எல்லாரையும் ஒரு கண்ணாடித் துண்டில் கட்டைவிரலை வைத்து எடுக்கச் சொன்னேன். யார் கை குறைவாக வேர்க்கிறது என்று பார்க்கத்தான். ஆண்கள் எல்லாரும் தோற்றுப் போனோம். என் விரல்தான் படுமோசம், குளத்தில் முக்கி எடுத்தது போல. ரேகையே விழாத கை ஒருவருக்குத்தான் இருந்தது. ஆவடிப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணி, என்னை விட நாலைந்து வயது மூத்தவர். அதுவரை ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தவரை அன்றைக்கே கண்ணாடி மேஜைக்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஷெட்டில் அவருக்குக் கண்ணாடி அக்கா என்றே பெயர் ஆகிவிட்டது.

வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு, தூசியை ரப்பர் பந்தால் ஊதி, கறை இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து எடுப்பார். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். மேஜைக்கு மேலே சுவரில் "கண்ணாடியைத் தொடாதே" என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான். அந்த அட்டையைப் பார்த்து அக்கா சிரிப்பார்.

"சார், என் ஒருத்திக்குத்தான் இந்த மேஜ. நான்தான் தொடணும். என்னையே தொடாதேன்னு எழுதி வெச்சிருக்கீங்களே."

ஒரு நாள் இன்னொன்றும் சொன்னார். "டிபன் பாக்ஸுக்குக் கூட மூடி கீது சார். இத்தினி கஷ்டப்பட்டுப் பண்ற கண்ணாடிக்கு ஒரு மூடி வெக்கக் கூடாதா? காலேஜ்ல பியூன் சும்மா இருப்பானா, துணிய எடுத்துத் தொடைக்கத்தான் செய்வான்."

மூடி போட்டால் தலை கனக்கும், கம்பம் ஆடும், விலை ஏறும் என்று அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன். ஸ்க்ரூ முடுக்கியவர் வந்து எனக்கு டிசைன் சொல்வதா என்று உள்ளுக்குள் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடியது. எங்கள் ஷெட்டில் அவர் இன்னும் தற்காலிகம். தை பிறந்ததும் நிரந்தரம் ஆக்கிவிடுகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதை ஆவடி ரயிலில் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நிரந்தரம் ஆனதும் ஷெட்டுக்கே கேக் வாங்கித் தருவதாக எங்களிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருந்த ஓர் இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் பன்னிரண்டு மெஷின்கள் தயாராகி நின்றன. எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். அவற்றைப் பெட்டியில் போடாமல் பூஜைக்கு வரிசையாக வைக்க வேண்டும், மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்றைக்கு அனுப்பலாம் என்றார் முதலாளி. துளைக்கும் மெஷினுக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நடுவில் பன்னிரண்டும் மாலை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. அக்காவும் மற்ற கிறிஸ்தவர்களும் வழக்கம்போலப் பின்னால் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பொரி கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கொண்டுவரும் கேக்கில் எங்களுக்குப் பங்கு உண்டு. இதில் யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை.

பூஜை தொடங்குமுன் அக்கா என்னிடம் வந்தார். "சார், தலைங்க மேல பேப்பர் போட்டு மூடிட்டா? தண்ணி கிண்ணி தெளிப்பாங்க."

"பூஜைக்கு வெச்சதைப் போய் மூடுவாங்களாக்கா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஐயர் வந்தார். மந்திரம் சொன்னார். மாவிலைக் கொத்தைச் சொம்பில் முக்கி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தாராளமாகத் தெளித்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். எல்லாரும் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். அக்கா போகும்போது மெஷின்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஷெட்டைப் பூட்ட நான் நின்றேன். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்ததில்தான் பார்த்தேன். பன்னிரண்டு கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாகத் தண்ணீர்க் கறை. காலையில் அக்கா வந்து பஞ்சால் எடுத்துவிடுவார், ஒரு மணி நேர வேலை. ஆனால் "நான் அப்பவே சொன்னேனே சார்" என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் சட்டைப் பையில் பூஜைத் தட்டிலிருந்து எடுத்த விபூதிப் பொட்டலம் இருந்தது. அக்காவின் மேஜை மேல், மேஜையைத் துடைக்க அவர் வைத்திருந்த மஞ்சள் துணி இருந்தது.

எனக்குத் தெரியாதா? தெரியும். அட்டை எழுதி ஒட்டியவனே நான்தானே. ஆனால் எங்கள் வீட்டில் கண்ணாடி அழுக்கானால் கை எங்கே போகுமோ அங்கேயே போனது. ஒரு சிட்டிகை, ஓர் ஊது, வட்டமாக ஒரு துடை. மெதுவாகத்தான் துடைத்தேன். கறை போய்விட்டது. கீறலும் இல்லை. பன்னிரண்டும் வெயிலில் பளபளவென்று நின்றன. சாமி விபூதிதானே, நல்லதுதான் என்று கூட நினைத்துக்கொண்டேன். துணியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, பொரியைக் கொறித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது அக்கா மெஷின்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. அந்த மஞ்சள் துணி துவைத்து ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. பார்த்தேன், அவ்வளவுதான். லாரி வந்து பன்னிரண்டையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை வந்தது. கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. சுவரில் எழுத்து புகை படிந்த மாதிரி தெரிகிறது, ஒன்றல்ல, பன்னிரண்டும். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தார்கள். மெஷின்கள் திரும்பி வந்து இறங்கின. தலையைக் கழற்றிக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூச்சு அங்கங்கே வெளுத்து, அரித்துப் போயிருந்தது. ஓரங்களில் நன்றாக இருந்தது. நடுவில் மட்டும் வட்ட வட்டமாக அரிப்பு. கை போன வழி அப்படியே தெரிந்தது. வட்டமாகத் துடைக்கிற ஆள் அக்கா இல்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், அல்லது சந்தேகமாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒரு கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாடிக்குப் போனேன். பூச்சுக்காரர் அதை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பாத்திரம் தேய்க்கிற சாம்பல் போட்டுத் தேச்ச மாரி கீது? அலுமினியத்துக்கு சாம்பல் ஆவவே ஆவாது சார். ஈரம் சேந்துச்சுன்னா உள்ள உக்காந்துகினு கொஞ்சம் கொஞ்சமா துன்னுகினே போவும். யாரு பண்ணது இந்த வேலய?"

"தெரியல" என்றேன்.

பேருந்து பிடித்து ஷெட்டுக்குத் திரும்பினேன். அன்று திங்கட்கிழமை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கல்லூரிக்குப் பதில் எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன காரணம்னு எனக்கு எழுதிக் குடு" என்றார். என்னைச் சந்தேகப்படும் எண்ணமே அவருக்கு இல்லை. அதுதான் என்னை இன்னும் கோழையாக்கியது. திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். வேலை போகும் என்று பயந்தேனா என்றால் இல்லை. அவர் என்னை அனுப்பியிருக்க மாட்டார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான். "டிசைனரே விபூதி போட்டுத் துடைச்சாராம்" என்று ஷெட்டில் சிரிப்பார்களே, அதற்குத்தான் பயந்தேன். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்தேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அக்கா அவர் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போக வேண்டி வந்தால் கையில் ஏதாவது வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா மட்டும் இரண்டு மூன்று முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து நான்தான் வேகமாக நகர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கையைக் கொடுத்தேன். "கண்ணாடிப் பிரிவில் கையாளும்போது ஏற்பட்ட குறை." ஒரே வரி. பொய் என்று சொல்ல முடியாது, கண்ணாடிப் பிரிவில்தான், கையாளும்போதுதான். பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாததை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. கண்ணாடிப் பிரிவில் இருந்ததே ஓர் ஆள்.

மத்தியானம் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"ஏம்மா, பன்னெண்டு மெஷினும் போச்சு. என்னத்தைப் போட்டுத் துடைச்சே?"

"நான் ஒண்ணும் போடல சார். எப்பவும் செய்யற மாரிதான் செஞ்சேன்." அக்காவின் குரல் உயரவில்லை. "சாரக் கேளுங்க சார். அவருக்குத் தெரியும் என் வேல."

முதலாளி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். அந்த நிமிடத்தைப் பற்றி எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வாயைத் திறந்து மூன்று வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னது வேறு.

"ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன் சார்."

அக்காவை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. மாதம் முடியும் வரை வந்து சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அக்கா வரவில்லை. வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி, மடித்து, மேஜை மேல் வைத்தார். "வரேன் சார்" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வருடம் ஷெட்டுக்குக் கேக் வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு நான் வேறு எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். தலையை முழுக்க மாற்றி வடிவமைத்தேன். கண்ணாடிக்கு ஒரு மூடி. கீல் வைத்தது, விரல் நுனியால் தூக்கினால் திறக்கும், வேலை முடிந்து தள்ளினால் 'டக்'கென்று மூடிக்கொள்ளும். யார் கையும் எந்தத் துணியும் எந்த விபூதியும் உள்ளே போக முடியாது. தலை கனக்கவில்லை, கம்பம் ஆடவில்லை, விலையும் பெரிதாக ஏறவில்லை. அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. விளம்பரத் தாளில் அதைத்தான் முதல் சிறப்பம்சமாகப் போட்டார்கள். கண்காட்சி ஒன்றில் வைத்தபோது வந்தவர்கள் எல்லாரும் மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். "இவர் ஐடியாதான்" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். அதையும் நான் மறுக்கவில்லை. அன்று முழுக்க அந்த 'டக்' சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டேன்.

பத்து வருடம் போனது. முதலாளி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் நடத்திய கம்பெனியில் நான் இன்னும் இருந்தேன். காட்டுப்பாக்கத்தில் ஒரு சர்ச்சிலிருந்து போன் வந்தது. அப்போதெல்லாம் சர்ச்சுகளில் பாட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகப் பாட்டை ஷீட்டில் எழுதி ஓவர்ஹெட் புரொஜக்டரில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் மெஷின் ஒன்று பாட்டின் பாதியிலேயே அணைந்துவிடுகிறதாம். சர்வீஸ் ஆள் லீவு. நானே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

புதிதாக வெள்ளையடித்த சின்ன சர்ச். முன்வரிசைப் பெஞ்சில் ஒரு பெண்மணி ஷீட்டுகளைப் பாட்டு வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தார். அந்தப் பிடியைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"வாங்க சார்" என்றார் கண்ணாடி அக்கா. நேற்றுத்தான் பார்த்த மாதிரி. முடி கொஞ்சம் நரைத்திருந்தது. "போன் பண்ணும்போதே நெனச்சேன், நீங்க வந்தாலும் வருவீங்கன்னு."

மெஷினைப் பார்ப்பது நல்லதாகப் போயிற்று, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பழுது ஒன்றுமே இல்லை. அழகுக்காக மெஷினுக்கு அடியில் ஒரு பூவேலைத் துணி விரித்திருந்தார்கள். நான் அடித்தகட்டில் வெட்டிய ஓட்டைகளைத் துணி அடைத்துவிட்டது. சூடு ஏறியதும் மெஷின் தானாக அணைந்திருக்கிறது. துணியை உருவி, மெஷினைப் போட்டுப் பார்த்தேன். விசிறி ஓடியது. அக்கா விரல் நுனியால் தலையின் மூடியைத் தூக்கினார். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"மூடி வெச்சிட்டீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகவே சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். "கார்மெண்ட்ஸ்ல செக்கிங் சார். மொதல்ல ரெண்டு வருசம் கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குனேன். முன்ன இருந்த எடத்துல ஏன் நின்னேன்னு கேப்பாங்க. இன்னா சொல்றது, சொல்லுங்க. அப்புறம் ஊட்ட மாத்திகினு இந்தப் பக்கம் வந்துட்டோம்."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. "அக்கா, அந்தக் கண்ணாடிங்க... அன்னைக்குப் பூஜை முடிஞ்சு நான்தான்..."

"தெரியும் சார்."

"எப்படிக்கா?" என்றேன்.

"மறுநாள் காலைல துணிய எடுத்தேன். துண்ணூறு வாசன. வெள்ளையா உதிந்துச்சு. அத்தத்தானே தொவச்சிக் காயப் போட்டேன். நீங்கதான் கடசியா பூட்டிகினு போனீங்க, சாவி உங்ககிட்டதான. அப்ப அது கண்ணாடிய இப்பிடி பண்ணும்னு எனக்குந் தெரியாது. மிசினுங்க திரும்பி வந்தப்பதான் புரிஞ்சுது."

"அப்போ முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

அக்கா ஒரு ஷீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "இன்னா சார் பேசறீங்க. அத்தினி பேரு கும்பிட்ட பூஜ. அந்தத் துண்ணூறாலதான் கெட்டுப்போச்சுன்னு, நான், ஒரு வேதக்காரி, போயி நின்னு சொன்னா எப்பிடி இருக்கும்? அவங்க சாமிய நான் குத்தம் சொன்ன மாரி ஆயிடாதா? அத்த நீங்கதான் சொல்லணும். சொல்லுவீங்கன்னு வெள்ளிக்கெழம வரிக்கும் பாத்துகினே இருந்தேன்."

அந்த மூன்று நாளும் அவர் நிமிர்ந்து பார்த்தது இதற்காகத்தான். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அந்த வார்த்தை சர்ச்சுக்குள் ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. சொல்ல வேண்டியது மொதலாளிகிட்ட." ஷீட்டு அடுக்கை ஓரத்தில் பிடித்துச் சரி செய்தார். "அவரு சாவுக்கு வந்தேன் சார். நீங்க ஐஸ் பெட்டியாண்ட நின்னுகினு இருந்தீங்க, என்னப் பாக்கல. மாலயப் போட்டுட்டு மொகத்தப் பாத்தேன். எனக்கு சோறு போட்ட மனுசன். நான்தான் கெடுத்தேன்னு நெனச்சிகினே போயிட்டாரு."



வெளியே பாட்டுக்குழுப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. சர்வீஸ் தாளை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். தேதி, மெஷின் எண், பழுது. அடுத்த கட்டத்தில் 'பழுதுக்குக் காரணம்' என்று அச்சடித்திருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"துணியப் போட்டது நான்தான் சார். அழகா இருக்குமேன்னு போட்டேன். எழுதிக்கோங்க. பேர் வேணும்னாலும் போட்டுக்கோங்க."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். ஒரு மூச்சு கூடப் பிடிக்கவில்லை.

நான் எழுதினேன்: "காற்று ஓட்டைகளை அடியில் வைத்தது வடிவமைப்பாளரின் தவறு. பயன்படுத்தியவர் மேல் குற்றம் இல்லை." கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருடம் கழித்து, தப்பான தாளில்.

அக்கா அதை வாங்கி நிதானமாகப் படித்தார். வாடிக்கையாளர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தாளை ஓரத்தில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே துணி போட மாட்டேன் சார்" என்றார்.